காரணம் எழுதாமல் கைமாறிய என் செக் வழக்கு

ஒரு நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) இருக்கும் வழக்கை இன்னொரு நடுவருக்கு மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அந்த அதிகாரம் உண்டு. ஆனால் கட்சிக்காரருக்குத் தெரிவிக்காமலும், ஏன் மாற்றினோம் என்று எழுதிவைக்காமலும் மாற்றினால் என்ன பாடுபட வேண்டியிருக்கும் என்பதை நான் பட்டறிந்திருக்கிறேன்.

நூல் வியாபாரத்தில் எனக்கு வர வேண்டிய பணத்துக்குக் கொடுத்த செக் திரும்பிவிட்டது. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் புகார் கொடுத்தேன். பிரமாண வாக்குமூலம், குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்து, எதிரி, அதாவது செக் கொடுத்தவர், தரப்புச் சாட்சிக்காக வாய்தா போட்டிருந்தார்கள். அன்று மதியம் வரை, வழக்குகளைக் கூப்பிடும் டவாலி என் வழக்கைக் கூப்பிடவே இல்லை. பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டேன். பதிவேட்டில் விரல் வைத்துத் தேடினார். என் வழக்கு எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் ‘மாற்றப்பட்டது’ என்று ஒரே சொல்தான் இருந்தது. உத்தரவு எண் இல்லை, தேதியும் இல்லை. “பக்கத்துக் கட்டடத்துக்குப் போங்கள் ஐயா, வழக்குக் கட்டு அங்கே போய்விட்டது” என்றார்.

ஓடினேன். அங்கே காலையிலேயே கூப்பிட்டு, புகார்தாரர் ஆஜராகவில்லை என்று குறித்து முடித்திருந்தார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 256-ஆவது பிரிவுப்படி, புகார்தாரர் வராவிட்டால் எதிரியை விடுதலையே செய்துவிடலாம். அந்த நடுவர் அப்படிச் செய்யாமல் இன்னொரு வாய்தா கொடுத்திருந்தார். இல்லையென்றால், நான் பழைய நீதிமன்றத்தில் காத்திருந்த நேரத்திலேயே என் வழக்கு முடிந்துபோயிருக்கும். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. என் வழக்கு சுருக்க விசாரணையாக, அதாவது சாட்சியத்தை முழுதாக எழுதாமல் சாரத்தை மட்டும் பதிவு செய்யும் விசாரணையாக, நடந்தது. பொதுவாக, ஒரு நடுவர் பதிவு செய்த சாட்சியத்தை அடுத்து வருபவர் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதே பழைய சட்டத்தின் 326-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது, ஆனால் சுருக்க விசாரணைக்கு அது பொருந்தாது. குஜராத்திலிருந்து வந்த ஒரு செக் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2011-இல் இதையே சொன்னது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைக் காட்டி, விசாரணையை முதலிலிருந்து நடத்த வேண்டும் என்றார். நடுவரும் ஏற்றுக்கொண்டார். நான் கூண்டில் ஏறிச் சொன்னது எல்லாம் வீண்.

மாற்றல் உத்தரவுக்கு நகல் மனு போட்டேன். ‘உத்தரவு கட்டில் இல்லை’ என்று எழுதித் திருப்பினார்கள். நடுவர்களிடமிருந்து வழக்கைத் திரும்பப் பெற்று மாற்றும் அதிகாரம் பழைய சட்டத்தில் 410-ஆவது பிரிவு. அடுத்து 412-ஆவது பிரிவு இருக்கிறது: காரணங்களை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் இவை 450, 452 பிரிவுகள். தரப்பினருக்கு அறிவிப்பு தர வேண்டும் என்று இந்தப் பிரிவுகள் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் காரணம் எழுதுவது நடுவரின் விருப்பத்துக்கு விட்டதல்ல. வேலைப்பளு, புதிய நீதிமன்றம், எதிரியின் மனு என எதுவாக இருந்தாலும் எழுதியிருந்தால் நான் ஏற்றிருப்பேன், அல்லது மேலே போய் எதிர்த்திருப்பேன். எழுதாதபோது எதை எதிர்ப்பது? யார் மீதும் பழி சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் காரணம் தெரியாதவன் மனத்தில் சந்தேகம்தான் முளைக்கும்.

வழக்கு நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாய்தாவுக்கு முந்தைய நாள் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் உங்கள் வழக்குக்கே உரிய பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டு, வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மாற்றியிருந்தால் வாய்மொழிப் பதிலை நம்பாமல் அன்றே நகல் மனு போடுங்கள். இல்லை என்று திருப்பினால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை இணைத்துத்தான், காரணத்தைப் பதிவு செய்யும்படி தலைமைக் குற்றவியல் நடுவரிடம் மனு கொடுத்திருக்கிறேன். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.