பாட இறுதி வினாக்கள் வாசிப்பைக் கற்றுத்தருகின்றனவா?

படிக்கட்டு:
மூன்றாம் வகுப்பில் பாடத்தின் கீழுள்ள வினாக்களுக்கு விடை எழுதிவிட்டாலே குழந்தைக்குப் பத்தி புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். 'கிலுவன் தம்பாவில் மூசினான்' என்று பொருளே இல்லாத தொடர் ஒன்றைப் பலகையில் எழுதி, 'கிலுவன் எங்கே மூசினான்?' என்று கேட்டுப் பாருங்கள். 'தம்பாவில்' என்று தயங்காமல் விடை வரும், ஏனெனில் 'இல்' என்ற வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1970களின் இறுதியில் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி வகுப்பறைகளைக் கவனித்த வாசிப்பு ஆய்வாளர் டோலோரஸ் டர்க்கின், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுச் சோதிக்கிறார்களே தவிர, புரிந்துகொள்ளும் வழியைக் கற்பிப்பது மிக அரிது என்றே எழுதினார்.

கரும்பலகை:
சோதனை சரி, முடிவுதான் அவசரமானது. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததே ஒரே வகுப்பில் குழந்தைகள் வெவ்வேறு நிலையில் இருப்பதால்தான். எழுத்தைப் படிக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கினால் கிடைப்பதே வாசிப்புப் புரிதல் என்று 1986இல் ஆய்வாளர்கள் கஃப், டன்மர் இருவரும் கூறினர். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யமே. கொம்பையும் காலையும் பிரித்துப் பார்த்து 'கொ' என்று கூட்டிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, தொடரின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கமே மறந்துபோகிறது.

படிக்கட்டு:
ஐயா, அதே பெருக்கலில் இன்னொரு எண்ணும் இருக்கிறதே! எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குக் கதையை ஆசிரியர் வாசித்துக்காட்டலாம். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கவும், விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கவும், கேட்டதைச் சுருக்கிச் சொல்லவும் அப்போதே பழக்கலாம். அரும்பு நிலைக் குழந்தை மலரும்வரை சிந்திப்பதை ஒத்திவைக்க வேண்டியதில்லை.

தெருவிளக்கு:
நீங்கள் இருவருமே உலக அறிவை விட்டுவிட்டீர்கள். 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் நடத்திய ஆய்வில், பேஸ்பால் தெரிந்த பலவீனமான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட அந்த ஆட்டத்தைப் பற்றிய பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டனர். கடலையே பார்த்திராத மலைக்கிராமக் குழந்தை, கட்டுமரம் பற்றிய பத்தியில் தடுமாறுவதை வாசிப்புக் குறை என்று பதிவேட்டில் எழுதுவது நியாயமில்லை.

கரும்பலகை:
அந்தக் குழந்தைக்குப் படத்தைக் காட்டிவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஐந்து வகுப்புகளையும் இருவரே நடத்தும் ஈராசிரியர் பள்ளியில் படிக்கட்டு சொல்லும் உரையாடலுக்கு நாள்தோறும் நேரம் கிடைக்காது. பாடத்துக்கு ஒரு வினாவை மட்டும் 'எந்த வரியை வைத்து இப்படிச் சொல்கிறாய்?' என்று மாற்றிக் கேட்க ஒப்புக்கொள்கிறேன். எழுத்துப் பயிற்சிக்கான நேரத்தில் ஒரு நிமிடத்தையும் விட்டுத்தர மாட்டேன்.