புளியரை ஏற்றத்தில் மட்டும் சூடாகும் பழைய கார்: வழி சொல்லுங்கள் அண்ணாச்சிமாரே

வண்டி 96 மாடல், கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார். செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு போகும்போது, எஸ் வளைவில் இரண்டாவது கியரில் ஏறினால் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. கோட்டைவாசல் தாண்டி இறங்கினால் தானாகக் குறைகிறது. தென்காசி வரை சமதளத்தில் ஓட்டினால் ஒரு தொந்தரவும் இல்லை.

வீட்டிலேயே பார்த்தவரை: ஃபேனை பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறது. தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றி வெந்நீரில் போட்டேன், 80 டிகிரியைத் தாண்டியதும் திறந்தது. ஆயிலில் பால் நிறம் இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. ஆறிய எஞ்சினை மூடி திறந்தபடி ஓடவிட்டபோது ரேடியேட்டரில் குமிழியும் வரவில்லை. அதனால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும் என்று தோன்றவில்லை.

சந்தேகம் ரேடியேட்டர் மேல்தான். முன்பு வைத்திருந்தவர் கூலன்ட்டே ஊற்றாமல் போர் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார். வடித்தால் செங்கல் கரைத்த மாதிரி வருகிறது.

செம்பு ரேடியேட்டருக்கு சிட்ரிக் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா, பழைய பற்றவைப்பு விட்டுப்போகுமா? ஒரு லிட்டருக்கு எவ்வளவு போடுவது? வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தால் கழற்றாமல் கண்டுபிடிக்க முடியுமா? இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கினாலும் இப்படி ஏற்றத்தில் சூடாகுமாமே, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லாதீர்கள். ஏற்கனவே பெட்ரோலை நன்றாகக் குடிக்கிறது, அது இல்லாவிட்டால் எஞ்சின் சீக்கிரம் சூடேறாமல் இன்னும் குடிக்கும்.

புனலூர் பக்கம் ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்பவர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.