பட்டதாரி அப்ரண்டிஸ்: சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகுமா?

வார்ப்படக்காரன்: கல்லூரியிலிருந்து வந்து, நேட்ஸ் என்கிற மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தில் ஒரு வருஷத்துக்குப் பட்டதாரிப் பையன்களை எடுக்கச் சொன்னார்கள். கோவையில் சின்ன ஃபவுண்டரி (உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை) என்னுடையது, மொத்தம் 14 பேர். 30 பேர் இருந்தால்தான் கட்டாயம். 4 முதல் 29 வரை நம் விருப்பம். வேண்டாம் என்றுவிட்டேன். தொழில் பிடிபடும் நேரத்தில் கிளம்பிப் போகிறவனுக்கு நான் எதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

பீளமேட்டு வாத்தியார்: 2019 விதியில் பையனுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதில் பாதி மத்திய அரசு தருகிறது. அந்தக் கணக்கில் 4,500 ரூபாய்க்கு இன்ஜினியர், இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு?

வார்ப்படக்காரன்: மேஸ்திரி அவனுக்குச் சொல்லித்தரும் நேரத்தில் நிற்கிற மோல்டிங்குக்கு (மணலில் அச்சு எடுக்கும் வேலைக்கு) யார் சார் பணம் தருவார்?

வேலைதேடி_மெக்: எனக்குக் கிடைத்த 9,000-ல் ரூம் வாடகையும் மெஸ்ஸும் போனால் பஸ்ஸுக்குத்தான் மிச்சமிருந்தது. நான் போன இடத்தில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் சலான் எழுதவிட்டார்கள். கல்லூரியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பர்மிங்ஹாம்வாசி: இங்கே பிரிட்டனில் 1975-ல் ஆரம்பித்த திட்டம் ஒன்று உண்டு, 2003 முதல் அதன் பெயர் கேடிபி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் பார்ட்னர்ஷிப்). பட்டதாரிக்குச் சம்பளம் போடுவது பல்கலைக்கழகம், அவர் வேலை செய்வது கம்பெனியில். பேராசிரியரும் வாரத்தில் அரை நாள் அளவுக்கு அதே வேலைக்காக ஒதுக்க வேண்டும். சின்ன கம்பெனி என்றால் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அவர்கள் தலையில். முக்கியமாக, என்ன பிரச்சினையைத் தீர்க்கப் போகிறோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால்தான் பணமே வரும்.

வார்ப்படக்காரன்: அது அரசாங்கம் அள்ளிக் கொடுக்கிற ஊர் அண்ணா.

பீளமேட்டு வாத்தியார்: பணத்தை விடுங்கள். உங்களிடம் பிரச்சினையே இல்லையா? பம்ப்புக்குள் சுற்றும் இம்பெல்லரின் காஸ்டிங்கில் ப்ளோ ஹோல் (வாயு அடைத்து விழும் ஓட்டை) விழுந்து எத்தனை திரும்பி வருகிறது? அச்சு மணலில் ஈரம் எவ்வளவு என்று ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் யாராவது எழுதி வைக்கிறார்களா?

வார்ப்படக்காரன்: மேஸ்திரி ஒரு பிடி பிடித்து அமுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

வேலைதேடி_மெக்: அவர் லீவு போட்டால்?

வார்ப்படக்காரன்: அன்றைக்கு ரிஜெக்‌ஷன் கூடத்தான் செய்யும், மறுக்கவில்லை. சரி, மணலுக்கு மட்டும் ஒரு பையனை அனுப்புங்கள். ஆனால் வாரம் ஒரு தடவை நீங்களும் வந்து நிற்க வேண்டும் சார். பையனை மட்டும் தள்ளிவிடுவதாக இருந்தால் வேண்டாம்.

பீளமேட்டு வாத்தியார்: செவ்வாய் மதியம் எனக்கு வகுப்பு இல்லை. பிரின்ஸிபால் ஓ.டி. (வெளியே போவதையும் பணியாகக் கணக்கிடும் அனுமதி) கொடுக்க வேண்டுமே.

வேலைதேடி_மெக்: பார்த்தீர்களா, கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்று!