வாடல் கிருமியை நாமே ஏன் மாற்றிப் பார்க்கவேண்டும்?

நீர்வேலித் தோட்டக்காரன்:
வாடல் நோய்ப் பற்றீரியாவில் வேண்டுமென்றே விகாரம், அதாவது மரபணு மாற்றம், உண்டாக்கிப் படிக்கிறார்களாம். என் கத்தரித் தறையில் இந்த முறையும் பாதி போய்விட்டது. தண்டை வெட்டித் தண்ணீர்க் குவளையில் பிடித்தால், வெள்ளை நூல் மாதிரிப் பால் இறங்குகிறது. இருக்கிற கிருமியே போதாதா? புதிதாக ஒன்று வீரியம் கூடி வெளியே வந்தால் யார் பொறுப்பு?

ஆய்வுகூட மாணவி:
அண்ணை, நாங்கள் கிருமியைப் பழுதாக்குகிறோம், வலுக்கூட்டவில்லை. டிரான்ஸ்போசன் என்ற டிஎன்ஏ துண்டு ஏதோ ஒரு மரபணுவுக்குள் போய்ச் செருகி அதைக் கெடுக்கும். அப்படி மரபணு கெட்ட கிருமிகளை, அதாவது விகாரிகளை, ஆயிரக்கணக்கில் எடுத்து ஒவ்வொன்றையும் நாற்றில் ஏற்றுவோம். எந்த நாற்று வாடாமல் நிற்கிறதோ, அதற்கு ஏற்றிய விகாரியில் கெட்ட மரபணு எது என்று தேடுவோம். பற்றீரியா தன் புரதங்களைச் செடியின் கலத்துக்குள் ஊசிபோல ஏற்றுகிற கருவிக்கான மரபணுக்கள் 1980களில் இப்படித்தான் அகப்பட்டன.

கரவெட்டி வாசகன்:
சரி, ஆனால் நாற்று வாடவில்லை என்பது மட்டும் சாட்சியா? அந்த விகாரி தனக்கு வேண்டிய சத்தை ஆக்க முடியாமல் மெலிந்ததாகவும் இருக்கலாமே. துண்டுக்குப் பதிலாக ஊதாக்கடந்த கதிரைப் பாய்ச்சி விகாரம் உண்டாக்கினால் ஒரே கலத்தில் பல இடம் கெடும். எது காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

ஆய்வுகூட மாணவி:
அதனால்தான் நல்ல மரபணுவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்போம். நாற்று மறுபடி வாடினால்தான் நம்புவோம். நெல்லின் குலை நோய்ப் பங்கசைப் பாருங்கள். மெலனின் நிறமி இழந்த வெளிறிய விகாரியால் முழு இலையைத் துளைக்க முடியாது. கீறிவிட்ட இலையில் நோயாக்கும். துளைக்கிற உறுப்புக்குள் சுமார் 80 வளிமண்டல அழுத்தம் எழ அந்த நிறமி வேண்டும். டிரைசைக்ளசோல் மருந்து தடுப்பதும் அந்த நிறமி உருவாவதைத்தான்.

கரவெட்டி வாசகன்:
ஆனால் அல்டர்னேரியா அல்டர்னாட்டா என்ற பங்கசில் நிறமி போனாலும் நோய் போகவில்லை. அதே அல்டர்னேரியா பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பங்கசுதான் எங்கள் வெங்காயத்தில் ஊதாப்புள்ளியை ஆக்குகிறது. நெல்லில் கண்டதை வெங்காயத்துக்கு அப்படியே ஒட்டாதீர்கள். அதிலேயே செய்து பாருங்கள்.

ஆய்வுகூட மாணவி:
முழுக்க ஒப்புக்கொள்கிறேன்.

நீர்வேலித் தோட்டக்காரன்:
தங்கச்சி, ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் செருகுகிற அந்த டிஎன்ஏ துண்டோடு வேறு எதுவும் போகிறதா?

ஆய்வுகூட மாணவி:
போகிறது. பெரும்பாலும் கனமைசின் என்ற பற்றீரியாக்கொல்லி மருந்துக்கு எதிர்ப்புத் தரும் மரபணு. துண்டு ஏறிய கலத்தைப் பிரித்தெடுக்க அது வேண்டும். ஆகவே வயலுக்குக் கொண்டுபோவதில்லை. தட்டு, மண், நாற்று எல்லாம் 121 பாகையில் நீராவியில் அவித்த பிறகே கொட்டுவோம்.

நீர்வேலித் தோட்டக்காரன்:
இதை முதலே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வாடிய தண்டு வேண்டுமென்றால் சொல்லுங்கள், பிடுங்கி வைக்கிறேன்.