ரேடியன்ட்: பொழிமுகமா, விரிபுள்ளியா?

அன்புள்ள குழுவினருக்கு,

டிசம்பர் 13 இரவு ஜெமினிட் எரிமீன் பொழிவு பார்ப்பதற்கான கையேடு அச்சுக்குப் போகும் முன், எரிமீன்கள் எல்லாம் கிளம்பி வருவதுபோலத் தெரியும் வானத்துப் புள்ளியான ரேடியன்ட் என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை முடிவு செய்துவிட வேண்டும். வந்த மடல்களை எல்லாம் இரண்டு முறை வாசித்தேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

> "கதிர்வீச்சுப் புள்ளி" என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமே?

வேறு மாவட்டத்தில் ஓடலாம், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடாது. மணவாளக்குறிச்சி, சின்னவிளைக் கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருக்கிறது. கதிர்வீச்சு என்ற சொல்லை நம் கடற்கரை ஊர்களில் யாரும் சாதாரணமாகக் கேட்பதில்லை. போன டிசம்பரில் நம் அறிவிப்புத் தாளில் "இரவு 8 மணிக்குக் கதிர்வீச்சுப் புள்ளி வடகிழக்கில் எழும்" என்று போட்டிருந்தோம். ஒரு மாணவியின் அம்மா போன் செய்து, "பிள்ளையை அனுப்பலாமா சார், ஒண்ணும் ஆயிராதே?" என்று கேட்டார். அவர் பயந்ததில் பிழையே இல்லை. பிழை நாம் போட்ட சொல்லில். அந்த ஒரு போனுக்குப் பிறகு இந்தச் சொல்லை என்னால் எழுத முடியவில்லை.

"ஊற்றுப்புள்ளி", "பிறப்பிடம்" இரண்டும் அழகுதான். ஆனால் இரண்டும் பொய் சொல்கின்றன. அங்கே எதுவும் ஊறவில்லை, பிறக்கவும் இல்லை.

> பொழிவு நடக்கும் முகம் என்ற பொருளில் "பொழிமுகம்" என்று சொல்லலாம்.

அண்ணாச்சி, நீங்கள் இதை எழுதிய அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பொழிதல் இருக்கிறது, திசையைக் காட்டும் முகம் இருக்கிறது, வாயில் தடுக்காமல் வருகிறது. மறுநாள் மாலையே சொத்தவிளைக் கடற்கரையில் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தேன். "மிதுன ராசியில் பொழிமுகம்" என்றேன். பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "பொழிமுகம் மணக்குடியில்லா இருக்கு, மக்களே" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. ஆறு மணல்திட்டை உடைத்துக் கடலில் சேரும் இடம் நமக்குப் பொழி. பழையாற்றுக்கு மணக்குடியில் ஒன்று, வள்ளியாற்றுக்குக் கடியபட்டினத்தில் ஒன்று. உயிரோடு புழங்கும் சொல்லைப் பிடுங்கி வானத்தில் ஒட்டுவது முதல் தவறு. அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பொழிமுகத்தில் தண்ணீர் உண்மையாகவே அந்த வாய் வழியாக வந்து விரிகிறது. எரிமீன்கள் அப்படி வருவதில்லை.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். வால்வெள்ளியோ சிறுகோளோ விட்டுப்போன துகள்கள் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. பூமி அந்தத் தாரைக்குள் புகும்போது அவை தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் எரிகின்றன. இணையான பாதைகள் நம் கண்ணுக்கு மட்டும் ஒரு புள்ளியிலிருந்து பிரிந்து வருவதுபோலத் தெரிகின்றன. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இரண்டு வரிசைக்கு நடுவே நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தூரத்தில் எல்லா வரிசையும் ஒரு புள்ளியில் முட்டும், நம் பக்கம் வரவர அகலும். அந்தப் புள்ளியை நோக்கி எவ்வளவு நடந்தாலும் அங்கே மரங்கள் ஒட்டி நிற்கப்போவதில்லை. நட்ட இடைவெளி நட்டபடியே இருக்கும்.

1833 நவம்பரில் வட அமெரிக்காவில் லியோனிட் எரிமீன்கள் கொட்டித் தீர்த்தபோதும், எல்லாக் கோடுகளும் சிம்ம ராசியிலிருந்து விரிவதைப் பலர் கண்டார்கள். இரவு நகர நகர அந்தப் புள்ளியும் விண்மீன்களோடு சேர்ந்தே நகர்ந்தது. எரிமீன் மின்னல் போன்ற காற்றுமண்டலச் சங்கதி இல்லை, வெளியிலிருந்து வருகிறது என்பதற்கு அமெரிக்கப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட் அதைத்தான் சான்றாக எடுத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லித்தந்த புள்ளிக்கு, விஷயத்தையே மறைக்கும் பெயர் வைக்கக் கூடாது.

என் முன்மொழிவு: விரிபுள்ளி.

குவி, விரி இரண்டும் பிள்ளைகளுக்கு லென்சு பாடத்திலேயே பழக்கம். குழிலென்சில் இணைகதிர்கள் விழுந்தால் அவை ஒரு புள்ளியிலிருந்து விரிந்து செல்வதுபோலத் தோன்றும் என்று படிக்கிறார்கள். அங்கும் இணைகோடுகள்தான், அங்கும் "போலத் தோன்றும்" என்பதுதான் உயிர். வகுப்பில் படித்ததை வானத்தில் கைகாட்டிச் சொல்ல ஒரு சொல் கிடைக்கிறது. இது வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு மாதிரி. அதனால் நடுவில் ப் வராது. விரிப்புள்ளி என்று எழுதினால் தரைவிரிப்பு நினைவுக்கு வந்துவிடும், அச்சுப் பார்ப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.

போன வாரம் மொட்டைமாடியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் சொல்லிப் பார்த்தேன். எரிமீன் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தெரியும், அதன் கோட்டைப் பின்னால் நீட்டினால் விரிபுள்ளியில் போய் முட்டும், பக்கத்தில் தெரிந்தால் கோடு குட்டை, தள்ளித் தெரிந்தால் நீளம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ நேரா நம்மள பாத்து வந்தா?" என்றான். கோடே இருக்காது, நின்ற இடத்தில் பளிச்சென்று எரிந்து அணையும் என்றேன். சொல் சரியாக இருந்தால் அடுத்த கேள்வி தானாக வருகிறது.

விரிபுள்ளியின் உயரமும் கையேட்டில் வர வேண்டும். செய்தித்தாளில் மணிக்கு 100 எரிமீன் என்று போடுவது, நிலவில்லாத தெளிவான வானில் விரிபுள்ளி உச்சந்தலைக்கு மேல் நிற்கும்போது உள்ள கணக்கு. ஆகஸ்டில் வரும் பெர்செயிட் எரிமீன் பொழிவின் விரிபுள்ளி வடக்கே தள்ளி இருப்பதால், நம் 8 பாகை அகலாங்கில் 40 பாகைக்கு மேல் ஏறாது. விரிபுள்ளி தாழத் தாழ எண்ணிக்கையும் குறையும் என்பதால் அந்த 100 நமக்கு 64 ஆகிவிடும், அதுவும் தென்மேற்குப் பருவ மேகம் விட்டால். டிசம்பரில் ஜெமினிட் விரிபுள்ளி அதிகாலை 2 மணி கடந்து 65 பாகை வரை ஏறும், 100க்கு 90 கிடைக்கும். நம்மூருக்கு ஏன் ஜெமினிட் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விரிபுள்ளி உச்சியில் நிற்பதாக வைத்துப் போடும் அந்தக் கணக்குக்கு "உச்சி மணிவீதம்" என்று சொல்லலாம், யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

எரிமீன், விண்கல் குழப்பமும் ஒரு மடலில் இருந்தது. வானத்தில் எரிவது எரிமீன், தரையில் கிடைப்பது விண்கல். இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அண்ணாச்சி, பொழிமுகத்தை விட்டது எனக்கும் வருத்தம்தான். விரிபுள்ளியில் குறை தெரிந்தால் தயங்காமல் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வரை கையேட்டை நிறுத்தி வைக்கிறேன். மற்றவர்கள் வீட்டில் யாரிடமாவது ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அவர்கள் திருப்பி என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். ரப்பர் பால்வடிப்புக்கு அதிகாலையிலேயே போகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். அந்த நேரத்து வானம் நம்மைவிட அவர்களுக்குத்தான் பழக்கம்.