இரண்டு தையல் லைன்களைப் பகையில்லாமல் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொள்ள வைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். திருப்பூரில் டி-ஷர்ட் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் இரண்டு தையல் லைன்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒரே ஸ்டைல், ஒரே துணி. ஆனாலும் முதல் லைனில் 100 பீசுக்கு மூன்று, நான்கு ஆல்டர்தான் (பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய பீஸ்) வருகிறது; இரண்டாவது லைனில் பத்துக்குக் குறைவதில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் முதல் லைனைப் பாராட்டி, அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு மற்றவர்களிடம் சொன்னேன். அன்றிலிருந்து இரு தரப்பும் டீ நேரத்தில்கூடப் பேசிக்கொள்வதில்லை. செக்கிங் பெண்கள் குறை சொன்னால், “எங்கள் லைன் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுமா?” என்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1 (செக்கிங்கில் 14 ஆண்டு அனுபவம்):
குறையைக் கூட்டத்தில் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். செவ்வாய்க்கிழமை தைத்த பீசைப் பற்றிச் சனிக்கிழமை பேசினால், தைத்தவருக்கு அந்தப் பீஸ் நினைவில் இருக்காது; திட்டு வாங்கியது மட்டும்தான் மனத்தில் நிற்கும். கழுத்தில் சுருக்கம் விழுந்த பீசை நாங்கள் ஒரு மணி நேரத்துக்குள் மெஷினுக்கே கொண்டுபோவோம். ஏன் இப்படித் தைத்தீர்கள் என்று கேட்காமல், “எந்த இடத்தில் இழுக்கிறது, ஒரு பீஸ் தைத்துக் காட்டுங்கள்” என்போம். ஒருமுறை அப்படி நின்று பார்த்தபோதுதான், கட்டிங்கிலேயே கழுத்துப் பட்டிக்கான ரிப் துணி கால் அங்குலம் குறைவாக வந்திருப்பது தெரிந்தது. அந்த டெய்லர் அம்மா மூன்று நாட்களாக அதை இழுத்துப் பிடித்துத் தைத்ததோடு, ஏச்சும் வாங்கியிருந்தார்.

பதில் 2 (மருத்துவமனை நிர்வாகத்தில் பணி):
முதல் லைனின் எண்ணிக்கையை நான் அவ்வளவு எளிதில் நம்ப மாட்டேன். ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன், அமெரிக்காவின் இரண்டு மருத்துவமனைகளில் எட்டுப் பிரிவுகளில் நேர்ந்த மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைமைச் செவிலியரிடம் தயக்கமின்றிப் பேச முடிந்த பிரிவுகளில்தான் கண்டறியப்பட்ட தவறுகள் அதிகமாக இருந்தன. அங்கே தவறுகள் மிகுதியாக நடந்தன என்பதைவிட, அவை மறைக்கப்படாமல் வெளியே வந்தன என்பதே அவர் தந்த விளக்கம். உங்கள் இரண்டாவது லைன் மோசமான லைனா, மறைக்காத லைனா? சம்பளம் பீசுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டா, வேலை நேரத்துக்கு இவ்வளவு என்ற ஷிப்ட் கணக்கா என்பதையும் சொல்லுங்கள். ஆல்டரைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் கூலி இல்லையென்றால், யார்தான் வாய் திறப்பார்கள்?

கேள்வி கேட்டவர்:
பீஸ் ரேட்தான். இரண்டு நாட்கள் லைன் ஓரத்திலேயே நின்று பார்த்தேன். முதல் லைனில் பாதி ஆல்டர் கணக்கில் ஏறாமல், மேசைக்கு அடியிலுள்ள அட்டைப்பெட்டிக்குப் போகிறது; சாப்பாட்டு நேரத்தில் இருவர் உட்கார்ந்து அதைப் பிரித்துத் தைக்கிறார்கள். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் பேட்லாக் தையலை (ஓரத்தை மடித்துத் தைக்கும் தட்டைத் தையல்) நூலின் எந்த முனையில் பிடித்து இழுத்தால் துணி கிழியாமல் பிரியும் என்று ஒருவருக்கொருவர் அங்கேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன். இரண்டாவது லைனில் அப்படி ஒரு பழக்கமே இல்லை. ஆல்டர் நேரத்துக்கும் கூலி எழுத முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். இந்த ஆர்டர் முடியும்வரை பார்ப்போம் என்றார். அட்டைப்பெட்டியை மேசைக்கு மேலே எடுத்து வைத்தாயிற்று. சனிக்கிழமை நான் கொடுத்த பாராட்டை இரண்டாவது லைன்காரர்கள் முன் எப்படித் திருத்திச் சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.