பெல் மேல இருந்த விரல்

மலைக்கோட்டை மகள்:
அம்மாவுக்குக் கழுத்துல கட்டி. ஊசி குத்தி எடுத்த டெஸ்ட் ரிசல்ட்டோட போனோம், டோக்கன் 47. "பயப்பட ஒண்ணுமில்ல, சாதாரணக் கட்டிதான்"னார் டாக்டர். நல்ல சேதிதானே? ஆனா சொல்லும்போது கண்ணு கம்ப்யூட்டர்ல, விரல் அடுத்த ஆளைக் கூப்பிடுற பெல் மேல. அம்மா "முழுங்கும்போது..."ன்னு ஆரம்பிச்சாங்க. டிர்ர்ர். 48 உள்ள வந்து எங்க முதுகுக்குப் பின்னாடி நிக்கிறார்.

பஸ்ல அம்மா சொன்னது: "மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியலடி அவரால. பெரிய வியாதிதான்." ரெண்டு நாள் சோறு இறங்கல. தஞ்சாவூர்ல வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கழுத்துல கை வச்சு "முழுங்குங்க, இன்னொரு தடவை"ன்னு பார்த்துட்டு, அவரும் அதே பதிலைத்தான் சொன்னார். அன்னிக்கு ராத்திரி மூணு தோசை.

இப்படி யாருக்காவது நடந்திருக்கா?

செவ்வாப்பேட்டை குமார்:
எங்க வீட்டம்மா ஓ.பி.யில ஸ்டாஃப் நர்ஸ், அதனால சொல்றேன். ஒரு காலையில நூத்தம்பது சீட்டு. இந்தியாவுல ஒரு நோயாளிக்கு டாக்டர் தர்ற நேரம் சராசரியா 2 நிமிஷம்தான்னு 2017ல பி.எம்.ஜே. ஓப்பன்ங்கற மருத்துவ இதழ்லயே வந்துச்சு. மூஞ்சியப் பார்த்துட்டு இருக்கணுமா, மருந்து எழுதணுமா? சரியான பதிலைத்தானே சொல்லியிருக்கார்.

மலைக்கோட்டை மகள்:
அதையேதான் அண்ணா நானும் அம்மாகிட்ட சொன்னேன். "சொன்னாரு, விரலை எடுக்கலியே"ங்கறாங்க.

மூணாவது வார்டு:
நான் ஹவுஸ் சர்ஜன், பயிற்சி முடிய இன்னும் ஒரு மாசம் பாக்கி. 2019ல பாடத்திட்டம் மாறினதுலேர்ந்து எம்.பி.பி.எஸ்.ல ஏட்காம்னு ஒண்ணு இருக்கு. நோயாளிகிட்ட நடந்துக்குற விதம், நெறிமுறை, பேச்சு எல்லாம் அதுல வரும். நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரு, கண்மட்டத்துக்கு வா, பேசி முடிக்க விடுன்னு சொல்லித் தருவாங்க. ரூம்மேட்டையே நோயாளியா உட்கார வச்சு நடிக்கணும். சிரிச்சே மார்க் போச்சு எனக்கு. வார்டுல ஸ்டூல் இருக்கும், ஆனா அது மேல யாராவது தூக்குவாளி வச்சிருப்பாங்க.

ஒரு நைட் டூட்டி, சுகர் புண்ணோட ஒரு தாத்தா. தூக்குவாளியைக் கீழ இறக்கிட்டு உட்கார்ந்தேன். ஏட்காம் எல்லாம் ஞாபகத்துலயே இல்ல, கால் கடுப்பு. தாத்தா ஒரு தடவை என்னைப் பார்த்தார். தலையணைக்கு அடியில கைய விட்டு மாத்திரை அட்டைய எடுத்து நீட்டினார். ரெண்டைத் தவிர ஒண்ணும் பிரிக்கல. "இதப் போட்டா தல சுத்துது தம்பி. பெரிய டாக்டர் நின்னுக்கிட்டே இருந்தாரு, எப்படிச் சொல்றது?"

மூணு நாளா ரவுண்ட்ஸ்ல சுகர் ஏன் இறங்கலன்னு மண்டைய உடைச்சுக்கிட்டிருந்தோம்.

குமார் சார், நேரம் இல்லைங்கறது நிஜம்தான். ஆனா அமெரிக்காவுல கான்சாஸ்ல ஒரு ஆய்வு, 2012ல வந்தது. சர்ஜன் உட்கார்ந்து பேசினப்போ ஆனது சராசரி 1 நிமிஷம் 4 விநாடி, நின்னு பேசினப்போ 1 நிமிஷம் 28 விநாடி. உட்கார்ந்தப்போ அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருந்தார்னு நோயாளிங்க சொன்னாங்க. நின்னப்போ நாலுகூட இல்லையாம்.

வள்ளியூர் பேச்சி:
டிரெய்னிங் குடுத்தா மட்டும்? வீட்டுக்காரருக்கு முதுகு ஆபரேஷன், பெரிய தனியார் ஆஸ்பத்திரி. டாக்டர் நல்லாதான் பக்கத்துல உட்கார்ந்தார், முன்னால சாஞ்சார், தலையாட்டினார். "வலிக்குது"ன்னாலும் அதே ஆட்டு, "இப்ப வலிக்கல"ன்னாலும் அதே ஆட்டு. கடைசில நான் சும்மா இருக்கும்போதும் ஆட்டினார். டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஒரு பேப்பரை நீட்டி அஞ்சு ஸ்டார் போடச் சொன்னாங்க. தாத்தா மாத்திரை அட்டைய எடுத்தது அந்தத் தம்பி நிஜமாவே அசந்து உட்கார்ந்ததாலதான்.

மூணாவது வார்டு:
அக்கா, அது வாஸ்தவம். இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

ஓய்வு தாசில்தார்:
எனக்கும் நடந்தது, கண்புரை சமயத்தில். அது கிடக்கட்டும். எல்லாரும் டாக்டரையே குறை சொல்கிறீர்கள், நாம் எப்படிப் போகிறோம்? சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். பழைய ரிப்போர்ட்டைத் தேதிவாரியாக அடுக்குங்கள், பிளாஸ்டிக் கவரில் சுருட்டித் திணிக்காதீர்கள். நோயாளியோடு ஒருவர் போதும், மூன்று பேர் போய் ஆளுக்கொன்று பேசினால் அவர் யார் முகத்தைப் பார்ப்பார்? மிக முக்கியமானதை முதலில் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஆரம்பிக்காதீர்கள். கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி மேஜை மேல் வைத்துவிட்டால் பெல் அடித்தாலும் தாள் அங்கேயே இருக்கும். நான் அப்படித்தான் செய்கிறேன். வயதானவர்களுக்கு இதைப் பழக்க வேண்டும்.

மலைக்கோட்டை மகள்:
ஐயா, அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஓய்வு தாசில்தார்:
அப்போது நீங்கள் எழுதிக் கொடுங்கள் அம்மா.